குப்பை செரிக்க எத்தனை டிகிரி வேண்டும்?

வட சென்னை மாணவர்களுக்குக் கொடுங்கையூரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்காற்று வீசும் நாட்களில் அது தானாகவே வீடு தேடி வந்துவிடும். 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், ஏறத்தாழ 40 ஆண்டுகளாகச் சேர்ந்த குப்பை அங்கே கிடக்கிறது. பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கும் வேலை அண்மையில் தொடங்கியிருக்கிறது. ஆனால் புதுக் குப்பை நிற்கவில்லை. சென்னை மாநகரம் நாள்தோறும் ஏறத்தாழ 5,000 டன் குப்பையை உண்டாக்குகிறது. அதில் பாதியளவு ஈரக் குப்பை. அதாவது மீந்த சோறு, காய்கறித் தோல், அழுகிய பழம், மீன் செதில், வாழையிலை.

இந்த ஈரக் குப்பை எங்கே கிடந்தாலும் அழுகத்தான் போகிறது. காற்றுப் புகாத மேட்டின் அடியில் அழுகினால் மீத்தேன் வாயு வானத்துக்குப் போகும். நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடேற்றும் திறனில் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே குப்பையை ஒரு மூடிய கலத்தில் அழுகவைத்தால், அதே மீத்தேன் அடுப்பை எரிக்கும், எஞ்சினை ஓட்டும். ஆகவே, மீத்தேன் உண்டாகட்டுமா வேண்டாமா என்பது நம் கையில் இல்லை. அது எங்கே உண்டாகட்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அப்படி ஒரு கலம் அமைப்பதென்றால் பொறியாளர் முதலில் முடிவு செய்யவேண்டியவற்றில் ஒன்று வெப்பநிலை. 30 டிகிரியா, 37 டிகிரியா, 55 டிகிரியா? (இக்கட்டுரையில் டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்.) இது வெறும் பொறியாளர் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்த ஒரு எண்ணைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் கலம் புளித்து நின்றுபோகும். கலம் நின்றால் லாரி மறுபடியும் கொடுங்கையூருக்குத்தான் திரும்பும்.

"சூடு கூடக் கூட வாயு கூடும், எனவே 55 டிகிரியே சிறந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. வட சென்னைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. ஏன் என்பதை உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள இயற்பியலையும் வேதியியலையும் கொண்டே காட்டுகிறேன்.

கலத்துக்குள் நடப்பது என்ன?

1776ஆம் ஆண்டு இத்தாலிய விஞ்ஞானி வோல்டா, மாஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, அதிலிருந்து வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார். நம் நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பம்பாய் மாதுங்காவில் ஒரு தொழுநோயாளர் இல்லத்தின் கழிவிலிருந்து எரிவாயு எடுத்தார்கள். பின்னர் காதி கிராமத் தொழில் ஆணையம் சாண எரிவாயுக் கலத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. சென்னையில் கோயம்பேடு சந்தை வளாகத்தில் 2005இல் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்காக ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் சேத்துப்பட்டிலும் மாதவரத்திலும் ஈரக் குப்பையிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் நிலையங்கள் வந்துள்ளன. எனவே விஷயம் புதிதல்ல.

கலத்துக்குள் வேலை படிப்படியாக நடக்கிறது. முதலில் சில பாக்டீரியாக்கள் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சிறு மூலக்கூறுகளாக உடைக்கின்றன. அடுத்த கூட்டத்தார் அவற்றை அமிலங்களாக மாற்றுகிறார்கள். அதற்கடுத்த கூட்டத்தார் அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறார்கள். கடைசியில் வருபவை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியா அல்ல. ஆர்க்கியா என்னும் தனி இனம். பழைமையானவை, பிராணவாயு பட்டாலே செத்துவிடும், மெதுவாகப் பெருகும்.

அமிலம் செய்பவர்கள் வேகக்காரர்கள். அமிலத்தைத் தின்பவர்கள் நிதானக்காரர்கள். முன்னவர் சமைக்கும் வேகத்துக்குப் பின்னவர் சாப்பிட்டுத் தீர்க்காவிட்டால் கலத்தில் அமிலம் தேங்கும். பி.எச். எண் 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் நுண்ணுயிர்கள் படுத்துவிடும். சாணத்தில் இந்த ஆபத்து குறைவு; எளிதில் செரிப்பதை எல்லாம் மாடு முன்பே செரித்துவிட்டது. சோறும் ரொட்டியும் அப்படியல்ல. கலத்தில் விழுந்த சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டு மேடைகள், நடுவே ஒரு பள்ளம்

இட்லி மாவு புளிப்பதைக் கவனித்திருப்பீர்கள். சித்திரை மாதத்தில் இரவு அரைத்து வைத்தால் விடியுமுன் பாத்திரத்தை விட்டு வழியும். மார்கழியில் காலை எட்டு மணிக்கும் அசையாமல் இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் உயிர்வேதி வினைகளின் வேகம் தோராயமாக இரு மடங்காகும் என்பது பழைய விதி. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. என்சைம்கள் புரதங்கள், அளவுக்கு மீறிச் சூடானால் உருக்குலைந்துவிடும்.

மீத்தேன் கலத்தில் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் வேலை செய்யக்கூடும். ஒன்று 30 முதல் 40 டிகிரி வரை நன்றாக வாழும். 37 டிகிரிக்கு அருகே மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். மாட்டின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38½ டிகிரி என்பதை நினைவில் வையுங்கள். சாணத்தோடு வரும் நுண்ணுயிர்களுக்கு இந்தச் சூடு சொந்த வீடு. இவற்றை மிதவெப்பக் கூட்டம் என்போம். மற்றொன்று 50 முதல் 60 டிகிரி வரை வாழும் உயர்வெப்பக் கூட்டம். அதற்குப் பிடித்தது 55 டிகிரி. இரண்டுக்கும் நடுவே, 42 முதல் 48 டிகிரி வரை, ஒரு பள்ளம். அங்கே முதல் கூட்டம் வாடும். இரண்டாம் கூட்டம் இன்னும் விழிக்காது.

உயர்வெப்பக் கலத்தில் வேலை வேகமாக முடியும். 37 டிகிரியில் குப்பை 30 நாள் தங்கவேண்டுமென்றால், 55 டிகிரியில் 15 நாள் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே கலம் பாதி அளவில் இருந்தால் போதும். ஆனால் மொத்த வாயு பெரிதாகக் கூடாது. அடுப்பைக் கூட்டி எரித்தால் சோறு சீக்கிரம் வேகும். உலையில் போட்ட அரிசி கூடிவிடுமா? ஒரு டன் உணவுக் கழிவில் எவ்வளவு மீத்தேன் அடங்கியிருக்கிறது என்பதை அந்த உணவே நிர்ணயிக்கிறது. வெப்பநிலை அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவரலாம் என்பதை மட்டுமே நிர்ணயிக்கிறது. சூட்டையும் வாயுவையும் பற்றிய வாதங்களில் பாதி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் எழுபவை.

அடுப்புக் கணக்கு

இனி பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து தோராயமாக 100 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் 60 சதவீதம் மீத்தேன். எரித்தால் ஏறத்தாழ 2,100 மெகாஜூல் வெப்பம்.

ஒரு டன் கழிவோடு ஒரு டன் நீர் கலந்து கூழாக்குகிறோம். இந்த 2,000 கிலோ கூழைச் சென்னையின் சராசரி வெப்பநிலையான 28 டிகிரியிலிருந்து 37க்கு உயர்த்தவேண்டும். நீரின் வெப்ப எண் கிலோவுக்கு 4.2 கிலோஜூல். 2,000 × 4.2 × 9 = 75,600 கிலோஜூல்; அதாவது சுமார் 76 மெகாஜூல். 55க்கு உயர்த்தவேண்டுமென்றால் 27 டிகிரி ஏற்றம். அதற்கு சுமார் 227 மெகாஜூல். கொதிகலனில் வீணாகும் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்தால், கிடைக்கும் 100 கன மீட்டர் வாயுவில் 37 டிகிரிக்கு 4½ கன மீட்டரும், 55 டிகிரிக்கு 13½ கன மீட்டரும் செலவாகும்.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் கூழை 37க்கு ஏற்ற 32 டிகிரி உயர்த்தவேண்டும். நாம் 55க்கே போனாலும் 27 டிகிரிதான். அவர்கள் மிதவெப்பத்துக்குச் செலவழிப்பதைவிடக் குறைவான வெப்பத்தில் நமக்கு உயர்வெப்பம் கிடைத்துவிடுகிறது! அயல்நாட்டுப் புத்தகத்தில் உள்ள "37 சிக்கனம், 55 ஆடம்பரம்" என்ற வாசகத்தை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பது சரியல்ல. எரிபொருள் கணக்கு மட்டும் பார்த்தால் 55 டிகிரிக்காரர்களை நம் ஊரில் எளிதில் தள்ளிவிட முடியாது. இதை நேர்மையாக ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

"எரித்துவிட்டால் என்ன?" என்று இடையில் ஒரு கேள்வி வரும். கொடுங்கையூரில் குப்பை எரி உலை அமைக்கும் திட்டம் 2025இல் அப்பகுதி மக்களிடையே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. புகையைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். உணவுக் கழிவில் நான்கில் மூன்று பங்கு நீர். ஒரு டன்னில் உள்ள 750 கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே கிட்டத்தட்ட 1,900 மெகாஜூல் வேண்டும். அதே ஒரு டன்னைக் கலத்தில் போட்டால் நமக்குக் கிடைக்கும் மொத்த வெப்பம் 2,100 மெகாஜூல். கலம் நமக்குக் கொடுப்பதற்கு ஏறக்குறைய ஈடான வெப்பத்தை உலை நீராவிக்கே தானம் செய்துவிடுகிறது. ஈரக் குப்பைக்கு நெருப்பு ஏற்ற வழியல்ல.

சிறிய கலமும் பெரிய கலமும்

வெப்பம் கூழில் மட்டும் செலவாவதில்லை. சுவர் வழியாகவும் கசிகிறது. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கலத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1 கன மீட்டர். வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். பக்கத்தைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு 1,000 மடங்கு. பரப்போ 100 மடங்குதான். ஆகவே பெரிய கலத்தில், ஒவ்வொரு கன மீட்டர் கூழுக்கும் உரிய வெப்பக் கசிவு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. சிறிய குவளைத் தேநீர் சீக்கிரம் ஆறுவதும், அண்டாத் தண்ணீர் நெடுநேரம் சூடாக இருப்பதும் இதனால்தான்.

உறை ஏதும் போடாத சுவரில், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 4 வாட் கசிகிறது என்று தோராயமாக வைப்போம். நம் சிறிய கலத்தை 37 டிகிரியில் வைக்க 6 × 4 × 9 = 216 வாட். ஒரு நாளுக்கு 18 மெகாஜூலுக்கு மேல். ஆனால் அந்தக் கலத்துக்கு நாம் போடுவது நாளுக்கு 5 கிலோ எச்சில் சோறும் காய்கறித் தோலும். கிடைப்பது அரை கன மீட்டர் வாயு. அதன் வெப்பம் 11 மெகாஜூல். வரவு 11, செலவு 18! 55 டிகிரி என்றால் செலவு 56. வீட்டுக் கலத்தையும் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக் கலத்தையும் சூடாக்க முயல்வது, நாலணா கோழிக்கு முக்கால் ரூபாய் மசாலா அரைத்த கதைதான்.

நல்லவேளையாக, சென்னையில் அதற்குத் தேவையும் இல்லை. ஜனவரி இரவில்கூட இங்கே வெப்பநிலை சராசரியாக 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. வட இந்திய மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் சாண எரிவாயுக் கலங்கள் சோர்ந்துவிடும். திருவொற்றியூரில் அந்தக் கவலை இல்லை. தவிர, ஒரு கன மீட்டர் நீரைச் சூடாக்கவும் நேரமாகும், ஆறவைக்கவும் நேரமாகும். வெளியே பகலும் இரவும் 14 டிகிரி ஏறி இறங்கினாலும், நிழலில் நிற்கும் இச்சிறு கலத்துக்குள் ஏற்ற இறக்கம் ஒரு டிகிரி அளவில்தான் இருக்கும். பாதி மண்ணில் புதைத்துவிட்டால் இன்னும் நல்லது. அரை மீட்டர் ஆழத்திலேயே பகல் சூடும் இரவுக் குளிரும் கிட்டத்தட்ட எட்டுவதில்லை. முழுவதும் புதைப்பது மட்டும் வேண்டாம். நம் பகுதியில் நிலத்தடி நீர் மேலே நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எத்தனை தெருக்கள் நீரில் நின்றன என்று நீங்களே கண்டீர்கள்.

கோடையில் வேறொரு ஆபத்து. கறுப்பு நிறத் தொட்டியை மொட்டை மாடி வெயிலில் வைத்தால், மே மாதத்தில் உள்ளே 40ஐத் தாண்டிப் பள்ளத்தை நெருங்கக்கூடும். தென்னங்கீற்று நிழல் ஒன்று போதும். மார்கழியில் கீற்றை எடுத்துவிடுங்கள். வாயு குறையும் அந்த மாதங்களில் தீனியையும் சற்றுக் குறையுங்கள்.

55 டிகிரிக்காரர்களின் வாதம்

இனி, நாளுக்கு 25 டன் கழிவைச் செரிக்கும் பெரிய நிலையத்துக்கு வருவோம். இங்குதான் உண்மையான போட்டி.

உயர்வெப்பத்துக்கு ஆதரவாக மூன்று வாதங்கள் சொல்கிறார்கள். மூன்றுமே மதிக்கத்தக்கவை. முதலாவது, இடம். இராயபுரம் போன்ற நெருக்கமான பகுதியில் பாதி அளவுக் கலம் என்பது பெரிய லாபம் அல்லவா? இரண்டாவது, வெப்பம் இலவசம். வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்தால், ஒரு டன் கழிவுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதோடு எஞ்சினின் குளிர்நீரிலும் புகையிலும் சுமார் 800 மெகாஜூல் வெப்பம் மிஞ்சும். 227 மெகாஜூல் தேவைக்கு இது தாராளம். மூன்றாவது, நோய்க்கிருமிகள். 55 டிகிரியில் பல கிருமிகள் விரைவில் சாகும். மிஞ்சும் கூழை அச்சமின்றி எருவாக்கலாம்.

முதல் வாதத்தை அளந்து பார்ப்போம். 25 டன் கழிவும் அதே அளவு நீரும் சேர்ந்து நாளுக்கு 50 டன் கூழ். 30 நாளுக்கு 1,500 கன மீட்டர். 15 நாளுக்கு 750. கலம் 10 மீட்டர் உயரம் என்றால் தரையில் பிடிக்கும் இடம் முறையே 150, 75 சதுர மீட்டர். மிச்சம் 75 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கு. லாரி திரும்பவும், குப்பை பிரிக்கவும், எரு உலரவும் வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

இரண்டாவது வாதம் எஞ்சின் இருந்தால்தான் செல்லும். வாயுவைச் சுத்தம் செய்து அழுத்தி வாகனங்களுக்கு விற்கும் நிலையத்தில் எஞ்சின் வெப்பம் கிடையாது. 13½ சதவீதத்தை எரித்தே தீரவேண்டும். ஆகவே "எத்தனை டிகிரி?" என்ற கேள்விக்கு முன்னால் "வாயுவை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்கவேண்டும்.

மூன்றாவது வாதத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள், இறைச்சிக் கழிவுகளில் ஒரு வகையை அரைத்து, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே கலத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. முழுக் கலத்தையும் 15 நாள் சூடாக வைப்பதற்குப் பதிலாக, சந்தேகமான பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் சூடாக்கினால் போதும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் சரத் காலே உருவாக்கிய 'நிசர்குருணா' முறையும் இந்த வழியை ஒட்டியதே. வெயிலில் சூடேற்றிய நீரை முன் கலத்தில் மட்டும் சேர்க்கிறார்கள். உயர்வெப்ப நுண்ணுயிர்கள் அங்கே கழிவை உடைத்துக் கொடுக்கின்றன. மீத்தேன் உண்டாகும் பெரிய கலம் சாதாரண வெப்பநிலையில் அமைதியாக வேலை செய்கிறது. சூடு முன்வாசலில், நிதானம் கூடத்தில்.

காசிமேட்டு மீன் கழிவு

வட சென்னையின் ஈரக் குப்பை, மற்ற ஊர்க் குப்பை போன்றதல்ல. காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் தெருத் தெருவாக மீன் கடைகளும் இங்கே உண்டு. மீன் கழிவில் புரதம் அதிகம். புரதத்தில் நைட்ரஜன் உண்டு. அது கலத்தில் அமோனியாவாக மாறும். அளவோடு இருந்தால் இது வரம். சோற்றின் புளிப்பை அமோனியா தணிக்கும். உணவகச் சோறும் காசிமேட்டு மீன் கழிவும் ஒன்றுக்கொன்று வைத்தியம்.

அளவு மீறினால் அதுவே நஞ்சு. நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். அமோனியம் அயனி சாது. மின்னூட்டமில்லாத அமோனியா மூலக்கூறோ செல்சுவரைக் கடந்து மீத்தேன் நுண்ணுயிர்களை முடக்கும். இரண்டின் விகிதத்தை நிர்ணயிப்பவை பி.எச். எண்ணும் வெப்பநிலையும். பி.எச். 8 என்றால், 35 டிகிரியில் மொத்தத்தில் 10 சதவீதம் நஞ்சு வடிவில் இருக்கும். 55 டிகிரியில் அது 28 சதவீதம். கழிவு அதே, பி.எச். அதே, வெப்பநிலையை மட்டும் மாற்றினோம், நஞ்சு ஏறத்தாழ மூன்று மடங்கு! மீன் வாடை வீசும் நம் பகுதியில் 55 டிகிரிக்கு எதிரான முதல் சாட்சி இந்த எண்தான்.

மின்சாரம் நின்றால்?

இரண்டாவது சாட்சி புயல். டிசம்பரில் ஒரு வாரம் வெப்பமூட்டி நின்றுவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். குப்பை லாரி நிற்காது. நாள்தோறும் 50 டன் கூழ் 28 டிகிரியிலேயே உள்ளே போகும். 750 டன் கொண்ட 55 டிகிரிக் கலத்தில் 15இல் ஒரு பங்கு இப்படி மாறுவதால், முதல் நாளே 27 ÷ 15 = 1.8 டிகிரி இறங்கும். ஒரு வார முடிவில் சுமார் 10 டிகிரி இறங்கி 45இல் நிற்கும். அதாவது சரியாகப் பள்ளத்தின் நடுவில்! 1,500 டன் கொண்ட 37 டிகிரிக் கலத்திலோ முதல் நாள் இறக்கம் 9 ÷ 30 = 0.3 டிகிரி. வார இறுதியில் 35 டிகிரி. நுண்ணுயிர்கள் அதைப் பொருட்படுத்தவே மாட்டா. வெப்பமூட்டி திரும்பி வராமலே போனாலும் அந்தக் கலம் 28க்குக் கீழே பெரிதும் போகாது. மெதுவாகவேனும் வேலை செய்துகொண்டிருக்கும்.

37 டிகிரிக் கலம் விழுந்தால் நம் ஊர் வெயில் அதைத் தாங்கிப் பிடிக்கும். 55 டிகிரிக் கலம் விழுந்தால் பிடிக்க ஆளில்லை. பொதுப்பணத்தில் கட்டும் ஒரு நிலையத்துக்கு உச்ச வேகத்தைவிட இந்தக் குணமே முக்கியம் என்பேன்.

எண்ணூரின் வெதுவெதுப்பான நீர்

மிதவெப்பத்துக்கு வட சென்னையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையம் நீராவியைக் குளிர்விக்கக் கடல் நீரைப் பயன்படுத்துகிறது. கடலைவிடச் சில டிகிரி சூடான நீர் திரும்ப வெளியே வருகிறது. கடல் 29 டிகிரி என்றால் வெளிவரும் நீர் 35, 36 டிகிரி. அது எண்ணூர்க் கழிமுகத்தின் மீன்வளத்தைக் கெடுக்கிறது என்பது மீனவர்களின் நெடுநாளைய முறையீடு.

இதில் உள்ள வெப்பத்தின் அளவு பிரம்மாண்டம். ஆனால் தரம் தாழ்ந்தது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். 36 டிகிரி நீர் எத்தனை லட்சம் லிட்டர் இருந்தாலும் 55 டிகிரிக் கலத்தை ஒரு டிகிரிகூடச் சூடாக்க முடியாது. ஆனால் 28 டிகிரிக் கூழை 35க்குக் கொண்டுபோக அதுவே கச்சிதம். குழாய்ச் சுருள் ஒன்று போதும். ஒரு குமிழி வாயுவையும் எரிக்கவேண்டாம். மின் நிலையத்தின் அருகே ஒரு கலம் அமைத்தால், யாருக்கும் வேண்டாத வெப்பம் மிதவெப்ப நுண்ணுயிர்களுக்கு உணவுச் சூடாகும். இதனால் கழிமுகம் குளிர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கலம் எடுத்துக்கொள்வது கடுகளவே. இருக்கும் சூட்டுக்கு ஏற்ற வேலையைத் தேடுவது சிக்கனம் என்றே சொல்கிறேன்.

என் முடிவு

வீடு, பள்ளி, சிறு உணவகம் ஆகியவற்றின் கலங்களைச் சூடாக்கவே வேண்டாம். நிழலும் மண்ணும் போதும். பெரிய நிலையங்களை 35 முதல் 37 டிகிரியில் நடத்துங்கள். எஞ்சின் வெப்பமோ, வெயில் வெப்பமோ, மின் நிலையத்தின் கழிவு வெப்பமோ அதற்குப் போதும். மீன், இறைச்சிக் கழிவை மட்டும் முன்னதாகச் சூடாக்குங்கள். ஒரே சீரான கழிவு, இலவச வெப்பம், இரவு பகல் கவனிக்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் தொழிற்சாலை 55 டிகிரியைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு மறுப்பில்லை. நம் தெருக் குப்பைக்கு அந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் அதை மாறாமல் காப்பதே முக்கியம். நாளுக்கு இரண்டு டிகிரி ஊசலாடும் 37ஐவிட, அசையாத 32 மேல்.

நீங்கள் அளந்து பாருங்கள்

மூன்று ஒரே மாதிரி மூடியுள்ள வாளிகளில் நீர் நிரப்புங்கள். ஒன்றுக்குக் கறுப்புச் சாயமும் ஒன்றுக்கு வெள்ளைச் சாயமும் பூசி வெயிலில் வையுங்கள். மூன்றாவதைக் கழுத்தளவு மண்ணில் புதையுங்கள். ஆய்வுக்கூட வெப்பமானியால் காலை 6 மணி, பகல் 2 மணி, மாலை 6 மணி என ஒரு வாரம் அளந்து வரைபடம் போடுங்கள். உங்கள் தெருவில் ஒரு கலம் எத்தனை டிகிரியில் வாழும் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: உணவுக் கழிவைப் புட்டியில் அடைத்து வாயு எடுக்க முயலாதீர்கள். வாயு அழுத்தத்தில் புட்டி வெடிக்கும், மீத்தேன் தீப்பிடிக்கும். அந்தச் சோதனை ஆசிரியர் முன்னிலையில், முறையான கலத்தில் மட்டுமே.

அடுத்த முறை உங்கள் பகுதியில் எரிவாயு நிலையம் ஒன்றைப் பார்க்க அழைத்துச் சென்றால், "நாளுக்கு எத்தனை டன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "கலத்தின் வெப்பநிலை என்ன? நேற்று என்ன? போன டிசம்பரில் என்ன? பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பதிவேடு ஒழுங்காக இருக்கும் இடத்தில் கலமும் ஒழுங்காக இருக்கும். அங்கிருந்து கொடுங்கையூருக்குப் போகும் லாரிகள் குறையும்.